சந்திரகிரிக் கடையில் ஜனாதிபதி தேர்தல்

2022 ஆம் ஆண்டு ஜூலை 18 ஆம் நாள், திங்கட்கிழமை காலை. சந்திரகிரியில் கோட்டைக்குப் போகும் சாலையில் எங்கள் வீட்டுக்கு அருகே ஒரு டீக்கடை உண்டு. அங்கே தமிழும் தெலுங்கும் ஒரே டம்ளரில் கலந்து வரும். கூடையை இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்க வந்த பூக்கார அம்மாள், கடைக்காரர் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்து, "இன்னிக்கு ராஷ்டிரபதி ஓட்டாமே, நமக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலே?" என்று கேட்டார்.

கடை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். நான் அப்போதுதான் பட்ட வகுப்பில் சேர்ந்திருந்தேன். அதிலும் அரசியல் விஞ்ஞானத்தை விருப்பப் பாடமாக எடுத்திருந்தேன். ஆகவே மற்றவர்களைக் காட்டிலும் சற்று உரக்கவே சிரித்தேன் போலும்.

பெஞ்சின் மூலையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, அந்த அம்மாவுக்கு ஓட்டு இல்லை என்பது உனக்குத் தெரிகிறது. சரி. நம் சந்திரகிரி எம்.எல்.ஏ.வுக்கு இன்று எத்தனை ஓட்டு?" என்று என்னைக் கேட்டார்.

"ஒன்று" என்றேன்.

"159" என்றார் அவர்.

அன்று கடையில் என் முகம் எப்படியிருந்தது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். நம் சங்க நண்பர்களில் எத்தனை பேருக்கு அந்த 159 என்ற எண் தெரியும் என்று பின்னர் விசாரித்துப் பார்த்தேன். என் வெட்கம் பாதியாகக் குறைந்தது. இந்தக் கட்டுரை எழுதும் துணிவும் பிறந்தது.

நம் ஜனாதிபதியை நாம் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. பாராளுமன்றத்தின் இரு அவைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், மாநிலச் சட்டசபைகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் சேர்ந்த ஒரு குழுவே அவரைத் தேர்ந்தெடுக்கிறது. தில்லி, புதுச்சேரி சட்டசபைகளும் இதில் அடக்கம். மேலவைக்காரர்களுக்கு இடமில்லை. நியமன உறுப்பினர்களுக்கும் இடமில்லை. அந்த ஜூலை மாதத்தில்தான் இளையராஜா மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டிருந்தார். "நம்ம ராஜா சார் யாருக்குப் போடுவார்?" என்று ஒரு பஸ் கண்டக்டர் ஆவலோடு கேட்டார். ஜனாதிபதி தேர்தலில் அவர் போட முடியாது. உப ஜனாதிபதி தேர்தலில் போடலாம். சட்டத்தில் 54 ஆவது பிரிவு ஒருவிதமாகவும் 66 ஆவது பிரிவு வேறுவிதமாகவும் இருப்பதே காரணம். கண்டக்டருக்கு இது பிடிக்கவில்லை.

இனி அந்த 159 எப்படி வந்தது என்று பார்ப்போம். வாத்தியார் ஐயா பத்திரிகையின் ஓரத்தில் பென்சிலால் போட்டுக் காட்டிய கணக்கு இதுதான். 1971 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இன்றைய ஆந்திரத்துக்குள் அடங்கிய பகுதியின் ஜனத்தொகை 2,78,00,586. சட்டசபை இடங்கள் 175. ஜனத்தொகையை 175 ஆல் வகுத்து, வந்ததை மறுபடியும் 1000 ஆல் வகுத்தால் 158.86 வருகிறது. பாதிக்கு மேற்பட்ட பின்னத்தை ஒன்றாகக் கொள்வது விதி, ஆகவே 159. தமிழ்நாட்டில் 4,11,99,168 பேர், 234 இடங்கள். அங்கே ஓர் உறுப்பினரின் வாக்கு மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்தில் 208. சிக்கிமில் 7.

எல்லா மாநிலங்களின் மதிப்பையும் கூட்டினால் 2022 இல் 5,43,231 வந்தது. அதைத் தேர்ந்தெடுக்கப்பட்ட பாராளுமன்ற உறுப்பினர்கள் 776 பேருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 700. அதற்கு முந்திய தேர்தல்களில் இது 708 ஆக இருந்தது. காஷ்மீரத்தில் அப்போது சட்டசபை இல்லாமற் போனதால் எட்டுக் குறைந்தது. மாநிலங்கள் எல்லாம் ஒரு தட்டு, பாராளுமன்றம் மறு தட்டு, இரண்டும் சம எடை என்பதே இதன் உட்கருத்து.

"159 என்றால் என்ன? 159 பேரா?" என்றார் பூக்கார அம்மாள்.

"ஒவ்வொன்றும் ஆயிரம் ஜனம், அம்மா. 1971 இல் இருந்த ஜனம்."

"நான் அப்போ பிறக்கவே இல்லையே, நாயனா!"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஏனெனில் கடையில் இருந்தவர்களில் வாத்தியார் ஐயாவைத் தவிர எவரும் 1971 இல் பிறந்திருக்கவில்லை. அந்தக் கணக்கில் எங்களில் ஒருவரும் இல்லை!

ஏன் இன்னும் 1971? 1976 இல் வந்த 42 ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 2000 வரை அந்தத் தொகையையே வைத்துக் கணக்கிட வேண்டுமென்று நிறுத்தி வைத்தது. பின்னர் 84 ஆவது திருத்தம் அதை நீட்டித்தது. 2026 க்குப் பின் எடுக்கப்படும் முதல் ஜனத்தொகைக் கணக்கின் தொகைகள் வெளிவரும் வரையில் 1971 தான் நிற்கும். குடும்பக் கட்டுப்பாட்டைச் செவ்வனே நடத்திய மாநிலங்கள் அதனாலேயே பலம் இழந்துவிடக் கூடாது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது.

நண்பர்களே, இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. 1971 இல் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 4.12 கோடி, இன்றைய பீகாரின் எல்லைக்குள் 4.21 கோடி. ஏறக்குறையச் சமம். ஆகவே நம் எம்.எல்.ஏ.வுக்கு 176, பீகார் எம்.எல்.ஏ.வுக்கு 173. 2011 ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டால் தமிழ்நாட்டில் 7.21 கோடி, பீகாரில் 10.41 கோடி. அதே முறையில் வகுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு 308 வரும். பீகாருக்கு 428 வரும். ஆந்திரத்துக்கு 282 தான். இன்று மூன்று மதிப்பு நம்மைவிடக் குறைந்து நிற்பவர், நாளை 120 மதிப்பு மேலே நிற்பார்.

இதைச் சொன்னதும் கடை இரண்டாகப் பிரிந்தது. "நாங்கள் இரண்டு பிள்ளையோடு நிறுத்தினோம். சர்க்கார் சொன்னதைக் கேட்டோம். கேட்டவனுக்குத் தண்டனையா?" என்று கடைக்காரர் கேட்டார். திருப்பதியில் கட்டட வேலை செய்யும் ஒரு பீகார்க் கொத்தனார், பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். தெலுங்கும் இந்தியுமாக அவர் சொன்னதன் சாரம் இதுதான்: "எங்கள் ஊரில் தலைகள் அதிகம்தான். அவை தலைகள் இல்லையா? என்னை எண்ணாமல் விட்டால் அது என் குற்றமா?"

என் மனம் கடைக்காரர் பக்கமே சாய்ந்தது, இன்றும் சாய்கிறது. ஆயினும் அந்தக் கொத்தனாரின் கண்ணைப் பார்த்துச் சொல்லத்தக்க பதில் என்னிடம் அன்று இல்லை. தமிழ் மேடைகளில் இந்தப் பிரச்சினை பேசப்படும்போதெல்லாம் பாராளுமன்ற இடங்களைப் பற்றியே பேசுகிறோம். ஜனாதிபதி தேர்தலின் கணக்கும் அதே ஆணியில்தான் மாட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2027 இல் ஒரு ஜனத்தொகைக் கணக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு ஜூலைக்குள் அடுத்த ஜனாதிபதியும் வந்தாக வேண்டும். எது முந்தும் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

நிற்க. வாத்தியார் ஐயா 1969 ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னது அன்றைக்குத்தான். அப்போது அவர் சித்தூரில் மாணவர். அந்த மே 3 ஆம் நாள் ஜனாதிபதி ஜாகிர் உசேன் காலமானார். உப ஜனாதிபதியாக இருந்த வி. வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்று, பின்னர் அதைத் துறந்து, தாமே போட்டியில் இறங்கினார். காங்கிரஸின் அதிகாரபூர்வமான அபேட்சகர் நீலம் சஞ்சீவ ரெட்டி. அனந்தப்பூர் மாவட்டம் இல்லூர்க்காரர். ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதல் மந்திரி. நம் ராயலசீமை மண். கிரியும் தெலுங்கர்தான், பெர்ஹாம்பூரில் பிறந்தவர், தொழிலாளர் தலைவர். சி. டி. தேஷ்முக்கும் நின்றார், மொத்தம் 15 பேர் களத்தில் இருந்தனர். பிரதம மந்திரி இந்திரா காந்தி தம் கட்சியின் அபேட்சகரை விட்டு, அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்றார். காமராஜர் ஒரு பக்கம், தி.மு.கழகம் கிரியின் பக்கம்.

"எங்கள் விடுதியில் தெலுங்குப் பையன்கள் இரண்டு கட்சி, தமிழ்ப் பையன்கள் இரண்டு கட்சி. ஒருவனுக்கும் ஓட்டில்லை. ஆனால் நான்கு நாள் ஒருவனோடொருவன் பேசவில்லை" என்றார் ஐயா.

ஆகஸ்டு 16 இல் வாக்குப் பதிவு. 20 இல் எண்ணிக்கை. முதல் விருப்ப வாக்குகளில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்கு வேண்டியதோ 4,18,169. முந்தி நின்ற கிரிக்கே போதவில்லை! இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தேர்தலில் சீட்டில் முத்திரை குத்துவதில்லை. அபேட்சகர் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் 2 என்று யாருக்கு எழுதியிருக்கிறதோ அவருக்கு அந்த வாக்கு போய்ச் சேரும். இப்படி ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே வந்து, தேஷ்முக்கின் சீட்டுகளும் பிரிக்கப்பட்ட பின், கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. இரண்டாவது விருப்பம் எண்ணப்பட்டு ஜனாதிபதி தேர்ந்தெடுக்கப்பட்டது நம் நாட்டில் அந்த ஒரு முறைதான். அதே ஆண்டு இறுதியில் காங்கிரஸே பிளந்தது. தேர்தல் வழக்கில் கிரி, பதவியில் இருந்தபடியே உச்ச நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்.

தோற்ற சஞ்சீவ ரெட்டி 1977 இல் போட்டியின்றி ஜனாதிபதி ஆனார். 37 பேர் மனுச் செய்தனர், 36 தள்ளுபடியாயின. ஐயாவின் விடுதி நண்பர்களில் தோற்ற கட்சிக்காரர் ஒருவர், எட்டாண்டுக்குப் பின் ஒரு தபால் கார்டு போட்டாராம். அதில் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: "பார்த்தாயா?"

மனுவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? "நான் நிற்கலாமா?" என்று கண்டக்டர் கேட்டார். 35 வயது நிறைந்த, மக்களவைக்கு நிற்கத் தகுதியுள்ள எந்தக் குடிமகனும் நிற்கலாம். ஆனால் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் 50 பேர் முன்மொழிய வேண்டும். வேறு 50 பேர் வழிமொழிய வேண்டும். 15,000 ரூபாய் டிபாசிட் கட்ட வேண்டும். 1997 க்கு முன் பத்துப் பத்துப் பேரே போதும், பணமும் 2,500 தான். விளையாட்டுக்கு நிற்பவர்களைத் தடுக்கவே இப்படி உயர்த்தினார்கள். ஆனாலும் மேட்டூர் பத்மராஜன் போன்ற சளைக்காத மனிதர்கள் மனுச் செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் ஒரு மரியாதை உண்டு.

அன்றைய அபேட்சகர்கள் இருவரே: திரௌபதி முர்மு, யஷ்வந்த் சின்ஹா. பூக்கார அம்மாள் முர்முவின் பக்கம். "காட்டிலிருந்து வந்த பொம்பளை, பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். அவளுக்குத் தெரியும் கஷ்டம்" என்றார். கண்டக்டர் சின்ஹாவின் பக்கம். நிதி மந்திரியாக இருந்தவர், சர்க்காரைக் கேள்வி கேட்பார் என்பது அவர் வாதம். "ஜனாதிபதி எங்கே கேள்வி கேட்பது? நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவதுதானே?" என்றார் கடைக்காரர்.

இது பாதி உண்மை. மந்திரிசபையின் யோசனைப்படிதான் ஜனாதிபதி நடக்க வேண்டும். ஆனால் அந்த யோசனையை ஒரு முறை திருப்பி அனுப்பி, "மறுபடி யோசியுங்கள்" என்று சொல்லலாம். 1997 இல் உத்தரப் பிரதேசத்தில் ஜனாதிபதி ஆட்சி வேண்டும் என்று வந்த சிபாரிசைக் கே. ஆர். நாராயணன் திருப்பினார், மந்திரிசபை பின்வாங்கிற்று. 2006 இல் ஆதாயம் தரும் பதவிகள் பற்றிய மசோதாவை அப்துல் கலாம் திருப்பினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவருக்கும் பெரும்பான்மை இல்லாத பாராளுமன்றம் வரும்போது யாரை முதலில் அழைப்பது என்பது அவர் கையில்தான் இருக்கிறது. ஐந்து வருஷம் சும்மா இருக்கிற நாற்காலி, ஐந்து நாளில் நாட்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கக் கூடும். நாராயணன் 1998 இல் மக்களவைத் தேர்தலுக்கு நேரே போய் வாக்களித்தார் என்பதையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. பதவியில் இருந்துகொண்டு அப்படிச் செய்த முதல் ஜனாதிபதி அவர்.

பேச்சு பெருமைக்கும் திரும்பிற்று. ராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்து திருப்பதியில் படித்தவர். திருத்தணி ஒரு காலத்தில் எங்கள் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 இல் சென்னை இராச்சியத்துக்குப் போயிற்று. 1962 இல் அவர் ஜனாதிபதியானார். "இரண்டு வருஷம் பொறுத்திருந்தால் ஜனாதிபதி எங்கள் ஜில்லாக்காரர்!" என்று கடைக்காரர் இன்னும் வருத்தப்படுகிறார்.

21 ஆம் நாள் முடிவு வந்தது. முர்முவுக்கு 6,76,803, சின்ஹாவுக்கு 3,80,177. ஆந்திர சட்டசபையில் சின்ஹாவுக்கு ஒரு வாக்குக்கூட விழவில்லை. ஒருவரையொருவர் ஜென்மப் பகைவராகக் கருதும் இரண்டு கட்சிகளும் ஒரே அபேட்சகருக்கு ஆதரவு கொடுத்துவிட்டன. சந்திரகிரிக் கடையில் நடந்த விவாதத்தில் கால் பங்குகூட அங்கே நடக்கவில்லை என்பது என் எண்ணம். கண்டக்டரின் கட்சிக்கு இந்த மாநிலத்தில் பேச ஒரு நாவும் இல்லை.

இன்னொரு செய்தியும் வந்தது. அதைக் கேட்டுத்தான் பூக்கார அம்மாள் அன்று மனமாரச் சிரித்தார். நாடெங்கும் 53 வாக்குகள் செல்லாதவை. அவற்றில் 15 பாராளுமன்ற உறுப்பினர்களுடையவை! எழுத வேண்டியது 1 என்ற எண் ஒன்று. எழுத வேண்டிய பேனாவையும் தேர்தல் கமிஷனே கையில் கொடுக்கிறது. "எந்தப் பள்ளிக்கூடம்னு கேட்டதுக்கு என்னைச் சிரிச்சீங்களே!" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். 2025 செப்டம்பரில், திருப்பூர்க்காரரான சி. பி. ராதாகிருஷ்ணன் 452 க்கு 300 என்று வென்ற உப ஜனாதிபதி தேர்தலிலும் செல்லாத வாக்குகள் 15 என்று படித்தபோது, அந்த அம்மாளின் சிரிப்பு எனக்கு மறுபடியும் கேட்டது.

அதே வாரத்தில் கடலுக்கு அப்பால் நடந்ததையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இலங்கையில் ஜனாதிபதியை மக்களே நேரில் தேர்ந்தெடுக்கிறார்கள். 1982 இலிருந்து அப்படி. ஆனால் 2022 ஜூலையில் கோத்தபாய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடியதால், எஞ்சிய காலத்துக்குப் பாராளுமன்றமே ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. 20 ஆம் நாள் ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134 வாக்குகள். டளஸ் அழகப்பெருமவுக்கு 82. அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. மூன்றே மூன்று! இரண்டாண்டு கழித்து, 2024 செப்டம்பரில், மக்கள் வாக்களித்தபோது வென்றவர் அந்த மூன்று வாக்குக்காரர். அங்கேயும் ஒருவருக்கும் பாதி கிடைக்காமல், அந்நாட்டு வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாவது விருப்பம் எண்ணப்பட்டது. வாத்தியார் ஐயா இருந்திருந்தால் 1969 ஐ மறுபடி ஒரு முறை சொல்லியிருப்பார். 2023 இல் அவர் காலமானார்.

2024 மே 13 ஆம் நாள் ஆந்திரத்தில் சட்டசபைக்கும் மக்களவைக்கும் ஒரே நாளில் வாக்குப் பதிவு. எனக்கு அதுதான் முதல் வாக்கு, ஊருக்குப் போயிருந்தேன். அதற்கு ஒரு வாரம் முன், கட்சிக்காரர்கள் கும்பலாக எங்கள் தெருவில் கும்பிட்டுக்கொண்டு வந்தார்கள். தண்ணீர், சாலை, பென்ஷன் என்று எல்லோரும் கேட்டார்கள். பூக்கார அம்மாள் கூடையை இடுப்பில் வைத்தபடி நின்று, "நீங்க ஜெயிச்சா 2027 லே ராஷ்டிரபதி ஓட்டு உங்க கையிலேதானே? எம்.எல்.ஏ.வுக்கு 159, எம்.பி.க்கு 700. யாருக்குப் போடுவீங்க?" என்று கேட்டார்.

முன்னால் வந்த இளைஞர் திகைத்துப் பின்னால் வந்தவரைப் பார்த்தார். பின்னால் வந்தவர் துண்டுப் பிரசுரம் ஒன்றை நீட்டினார். அந்த அம்மாள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதிலே எழுதலியே, நாயனா" என்றார்.

மறுநாள் மற்றக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களிடமும் அதையே கேட்டார்.